லியனார்ட் நிகழ்த்திய இரும்பொழிப்புப் பெரும்போர்

வாழ்க லியனார்ட்! மஞ்சு தவழும் வட்டவளை மலைமுகட்டுத் தேயிலைத் தோட்டத்தின் மருந்துச்சாலைக் காவலன், கசப்புக் கலவையால் தொழிலாளர் லயமெங்கும் கண்ணீர் பெருக்கிய கோமான், பேதிமருந்துப் பெருவள்ளல் வாழ்க! ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில், ஆடி அடைமழையில் அவன் புரிந்த அறப்போரைக் கேளுங்கள். இருமல் உள்ளவர்கள் வெளியே இருமிவிட்டு வாருங்கள்.

கொழுந்தெடுக்கும் கைவேகக் கொற்றவை இராசம்மா, தேயிலை மலையில் இருமுறை மயங்கி விழுந்தாள். "நடிக்கிறா!" என்று இடியென முழங்கினான் வீரய்யா கங்காணி. குருதியில் இரும்புச்சத்து குறைவென்று கொழும்பு ஆய்வுகூடம் சொன்னாலொழிய அவளுக்கு இலேசான வேலை இல்லையென்றார் தோட்டத்துத் துரை. கொழும்பிலிருந்து ஒரேயொரு கண்ணாடிக் குழாயும் ஒரு கட்டளையும் வந்து சேர்ந்தன: இரும்பின் தூசும் இதில் படலாகாது.

மற்ற வீரர் போருக்குக் கவசம் பூணுவர். நம் வீரனோ கழற்றினான். கைக்கடிகாரம் கழன்றது, இடுப்புவார் கழன்றது, சாவிக்கொத்து சன்னல்வழிப் பறந்தது, துருப்பிடித்த வாளி நாடுகடத்தப்பட்டது. சரியும் காற்சட்டையை ஒரு கரத்தாலும் குழாயை மறு கரத்தாலும் பற்றி, அமிலத்தில் ஊறவைத்து, காய்ச்சி வடித்த நீரால் அலசி அலசி, தன் மூச்சும் படாதபடி முகந்திருப்பி நின்றான் அந்தத் தூய்மைச் சிங்கம்.

"மாரியாத்தா!" என்று மலையதிர அலறி இராசம்மா நீட்டிய கரத்திலிருந்து செங்குருதி பாய்ந்து குழாயை நிறைத்தது. அடடா, வென்றான்! இரத்தம் உறைந்து மேலே தெளிநீர் பிரியும்வரை அவளையே காவலுக்கு இருத்திவிட்டு வெற்றித் தேநீர் அருந்தச் சென்றான்.

திரும்பி வந்து, ரயிலுக்கு அனுப்பவென ஏந்திய குழாய் 'டிணிங்' என்றது. உள்ளே, லயத்துக் கூரைத் தகரத்தின் துருவேறிய ஆணியொன்று பள்ளிகொண்டிருந்தது.

"இது என்னா இராசம்மா?"

"ரத்தம் வழியில போனா முனி மோப்பம் புடிச்சு வந்துருமுங்க ஐயா. கறி வாங்கியாந்தாக்கூட ஒரு இரும்ப வச்சுத்தானுங்களே கொண்டாறோம்? நீங்க மறந்துட்டீங்க, நாந்தான் முந்தானையில இருந்தத போட்டேன்."

ஐயகோ! அக்குழாய் அப்படியே போயிருந்தால், உள்ளிருக்கும் இரும்பைக் கண்டு கொழும்பு அவளை மலையையே தூக்கச் சொல்லியிருக்கும்! பூமாரி பொழிய எடுத்த கையை விண்ணவர் மடக்கினர். கீழே ரயில் கூவிக்கொண்டு போயே போயிற்று. வீரன் விழியில் எழுந்த தீ, அவள் வெளுத்த முகங்கண்டு அவிந்தது.

லியனார்ட் குழாயை மறுபடி ஊறப்போட்டார். இராசம்மா மறுநாளும் மலையேறினாள்.