கார்க் கதவைத் திறக்கிறவன்

ஹரிதாஸ் கார்க் கதவைத் திறக்கப் போகிற இடத்தில்தான் டேப் சிக்கிக்கொண்டது. வீடியோ பெட்டி கரகரவென்று இருமிவிட்டு நின்றுபோனது.

"ஐயோ, புள்ளயக் காணோம்லா!" என்று முனியம்மா பதறினாள்.

"இருடி, எடுத்துடறேன்" என்று மருதமுத்து கரண்டிக் காம்பை உள்ளே விட்டார். மலாக்கா பக்கத்து மெர்லிமாவ் எண்ணெய் மில்லில் எந்த இயந்திரத்தையும் அவரைத் தொட விடமாட்டார்கள். ஏன் என்று அன்று வீட்டுக்கும் தெரிந்தது. டேப் அறுந்து அவர் மடியில் வந்து விழுந்தது.

அது இங்கிலீஷ் பேங்க் படம். உலகத்தையே வளைத்துப் போட்ட ஒரு பேங்க், மந்திரிகளை விலைக்கு வாங்கும். கேள்வி கேட்டவனைத் தீர்த்துக்கட்டும். படம் முழுக்க எல்லோரும் எல்லோரிடமும் பொய் சொல்வார்கள். இங்கிலீஷ் தெரியாத இந்த இரண்டு பேருக்கும் அந்தச் சதியெல்லாம் எதற்கு? பேங்க் முதலாளி வந்து இறங்கும்போது தொப்பி போட்ட ஒருவன் கார்க் கதவைத் திறப்பான். முகம் பாதிதான் தெரியும். அவன்தான் அவர்களுடைய ஒரே மகன் ஹரிதாஸ்.

அப்படித்தான் மருதமுத்து சொல்லி வைத்திருந்தார். கப்பல் வேலைக்குப் போனவன் அதை விட்டுவிட்டு லண்டனில் சினிமாவில் நடிக்கிறானாம். சனிக்கிழமை தவறாமல் அதே கேசட்டை வாடகைக்கு எடுத்து வருவார்.

உண்மை என்னவென்று அவருக்குத் தெரியும். கப்பல் கம்பெனி ஆள் மில்லுக்கே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தான். புயலில் பையன் கடலில் விழுந்துவிட்டான், உடம்புகூடக் கிடைக்கவில்லை. முனியம்மாவுக்கோ இருதயம் பலவீனம். அதிர்ச்சியான சேதி எதுவும் காதில் விழக்கூடாது என்று மலாக்கா டாக்டர் கண்டித்துச் சொல்லியிருக்கிறார். பெற்றவளிடம் அதை எந்த வாயால் சொல்வது? அமாவாசைக்கு மில்லுக்குப் பின்னால் காக்கைக்குச் சோறு வைத்து, அழுது தீர்த்து, முகத்தைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வருவார். வீட்டில் அவளும் வைத்திருப்பாள். அது தன் அப்பாவுக்கு என்பாள்.

கசங்கிய துண்டை வெட்டி எறிந்துவிட்டு, அறுந்த டேப்பைச் செலோடேப் போட்டு ஒட்டினார். படம் ஓடியது. கார் வந்தது. கதவு தானாகத் திறந்தது. முதலாளி இறங்கிப் போய்விட்டார்.

"என்னாங்க, நம்ம புள்ள எங்க?"

"அது... லீவு போட்டிருப்பான்."

"சினிமாவுலயுமா லீவு?"

மருதமுத்துவுக்கு வேர்த்துவிட்டது. சைக்கிளை எடுத்துக்கொண்டு ஜைனுதீன் வீடியோ கடைக்கு ஓடினார். கல்லாவில் ஜைனுதீனின் மனைவி சகீனா இருந்தாள்.

"அந்தப் படம் வேற காப்பி இல்லண்ணே. இந்தாங்க, இதுவும் பேங்க் படந்தான்."

"ரெண்டாம் பாகம்" என்று வீட்டில் அளந்துவிட்டுப் போட்டார். அந்தப் படத்தில் வந்ததெல்லாம் வழுக்கைத் தலை வெள்ளைக்காரர்கள். மருதமுத்து கண் இமைக்காமல் தேடினார். கடைசியில் ஒரு பாலத்தின்மேல், கறுத்து மெலிந்த ஒருவன் பெட்டியோடு ஓடிவந்தான்.

"அதோ பாரு, நம்ம ஹரிதாஸ்!"

"ஆமாங்க, அவனேதான்!"

அவள் சொல்லி வாய் மூடவில்லை. பேங்க் ஆட்கள் அவனைச் சுட்டார்கள். அவன் பாலத்திலிருந்து கடலில் விழுந்தான். தண்ணீர் அவனை மூடிக்கொண்டது.

மருதமுத்து மனதுக்குள் தன்னையே திட்டிக்கொண்டார். இதையா காட்டினேன், பாவி!

"நடிப்புமா, எல்லாம் நடிப்பு. கீழ மெத்த போட்டிருப்பாங்க."

"தண்ணிக்குள்ளயா?" முனியம்மாவின் குரல் நடுங்கியது. பிறகு அவளே அவர் முதுகைத் தடவிக் கொடுத்தாள். "நம்ம புள்ளைக்குத்தான் நீச்சல் தெரியுமேங்க. ஏறி வந்துருவான். நீங்க ஏன் இப்படி நடுங்கறீங்க? எந்திரிங்க, சாப்பிடலாம்."

அவர் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பைப்பைத் திறந்துவிட்டு அழுதார்.

மறுநாள் கேசட்டைக் கொண்டுபோய்ச் சகீனாவின் முன்னால் வைத்தார். முகம் வீங்கியிருந்தது.

"தங்கச்சி, இனிமே யாரும் சாகாத படமா பாத்துக் குடு."

"பேங்க் படத்துல சாகாம எப்படிண்ணே?"

அதற்குமேல் அவரால் அடக்க முடியவில்லை. "படத்துல வர்றது எம் புள்ள இல்ல தங்கச்சி. அவன் கடலோட போயிட்டான். அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சா அன்னைக்கே அவளும் போயிருவா. யாரயாச்சும் காட்டிக்கிட்டே இருக்கணும்லா நான்."

சகீனா முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அண்ணே, கப்பல் கம்பெனி ஆளு மொதல்ல ஒங்க வீட்டுக்குத்தான் வந்தானாம், ஒங்ககிட்ட சொல்லிடாதன்னு அக்கா சொல்லி அனுப்புனாங்களாம். நீங்க அந்தப் படத்த மொத தடவ எடுத்துட்டுப் போன மறுநாளே அக்கா இங்க வந்து, 'புள்ள போனது அவருக்குத் தெரியாது, தெரிஞ்சா தாங்க மாட்டாரு, அவரு எவனக் காட்டுனாலும் நான் ஆமான்னு சொல்லிக்கிறேன், எந்தப் படம் கேட்டாலும் குடுத்தனுப்புங்க'ன்னு அழுதுட்டுப் போனாங்க."