அம்புச் சேட்டனும் மூன்றாவது கோடும்

குழந்தைகளே, வெளிச்சத்தை இஞ்ச் டேப்பால் அளந்து, கத்தரிக்கோலால் வெட்டி, ஊசிநூலால் தைத்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் மட்டாஞ்சேரிச் சந்தில், என் கடைக்கு நேர் எதிரே இருந்தார். அதுதான் என் கஷ்டம்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் சீரியல் பல்பு கட்டுகிறவன் நான். எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. டிசம்பர் வந்தால் பழைய அரிசிக் கிடங்கின் சுவரில் சந்துக்கே பொதுவாக ஒரு பெரிய நட்சத்திரம் ஏற்றுவோம். கோயிலுக்குப் போகிறவர், பள்ளிவாசலுக்குப் போகிறவர், சர்ச்சுக்குப் போகிறவர் எல்லாருக்கும் அது ஒரே நட்சத்திரம். பன்னிரண்டு வருஷம் அதைக் கட்டியவன் நான். என் மகள் பள்ளிக்கூடத்தில், “எங்க அப்பாதான் நட்சத்திரம் கட்டுறவர்” என்று சொல்லிக்கொள்வாள். டாக்டர் மகள்கூட அவ்வளவு மிடுக்காகச் சொல்லமாட்டாள்.

எதிர்க்கடைக்காரர் லேடீஸ் டெய்லர். ஒரு மழைக்காலத்தில் தையல் மெஷினில் நூல் கோக்க வெளிச்சம் போதவில்லை என்று, பிராட்வே கடைத்தெருவிலிருந்து ஒரு எல்.இ.டி. ரிப்பன் வாங்கி வந்தார். நாடா மாதிரி இருக்கும். அதில் பொட்டுப் பொட்டாக பல்புகள். என் சீரியல் செட்டில் ஒரு வரிசை முழுக்க ஒரே நிறம். இதில் ஒவ்வொரு பல்புக்கும் தனி நிறம் கொடுக்கலாம். போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, கையளவு சர்க்யூட் போர்டில் அதற்கான கட்டளைகளை எழுதவும் கற்றுக்கொண்டார். அதோடு ரவிக்கைகள் நின்றுபோயின.

“இது எப்படி சேட்டா ஒவ்வொண்ணும் தனித்தனியா எரியுது?” என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“ஸ்கூல்ல டீச்சர் நோட்டுக்கட்டை முதல் பெஞ்சு குட்டி கையில கொடுக்கிறாங்கன்னு வைங்க அண்ணா. அது மேல இருக்கிற தன்னோட நோட்டை எடுத்துக்கிட்டு மிச்சத்தைப் பின்னால கொடுக்கும். அடுத்ததும் அப்படியே. பல்பும் அதே மாதிரி தன் நிறத்தை எடுத்துக்கிட்டு மிச்சத்தைத் தள்ளிவிடும், கேட்டோ. ஆனா முன்னாலேர்ந்து பின்னாலதான் போகும். திரும்பி வராது. அதுக்குத்தான் ரிப்பன்ல அம்பு போட்டிருக்கான். அம்பு பாக்காம ஒட்டினா, அங்கேர்ந்து எல்லாம் இருட்டு!”

அன்றிலிருந்து வாயைத் திறந்தால் அம்பு. ஆட்டோ ஏறினாலும் “அம்பு எந்தப் பக்கம்?” என்பார். சந்து அவருக்கு அம்புச் சேட்டன், அதாவது அம்பு அண்ணன், என்று பெயர் வைத்தது. சொந்தப் பெயர் இப்போது ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

குடையில் ரிப்பன் தைத்தார். மழையில் அவர் நடந்தால் ஒரு திருவிழா தனியாக நடந்து போவது போல இருக்கும். நூற்று நாற்பது பல்புக்கும் எண் வைத்து, “முப்பத்தேழாம் நம்பருக்கு இன்னிக்கு ஜலதோஷம்” என்பார். என் மனைவி ரவிக்கை வாங்கப் போனவள், ரவிக்கை இல்லாமல் வாய் நிறைய வியப்போடு வந்தாள். “கைவேலைன்னா அது கைவேலை!” என்றாள். பதினைந்து வருஷமாக என் சீரியல் செட்டைப் பார்த்து அவள் சொன்ன ஒரே வார்த்தை, “கரண்ட் பில் ஏறும்.”

ஒரே ஒரு முறை எனக்குச் சந்தோஷம் கிடைத்தது. ஒரு கல்யாணத்தில் மணப்பெண் தலைக்கு மேலே செக்கச்செவேல் என்று வெளிச்சம் வரும் என்று சொல்லி ஸ்விட்ச் போட்டார். பெண் பச்சைப்பசேல் என்று ஆகிவிட்டாள்.

“எந்தா சேட்டா இது? என் மோள் என்ன வெண்டைக்காயா?” என்று பெண்ணின் அம்மா பாய்ந்தாள்.

“ஷெமிக்கணும் அம்மா. நான் சிவப்பை முதல்ல எழுதிட்டேன். இந்த ரிப்பன் பச்சையைத்தான் முதல்ல கேக்கும்.”

நான் பந்தலுக்குப் பின்னால் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன். வந்து பார்த்தால், பச்சையாகப் படம் எடுத்துக்கொள்ள வரிசையில் ஐம்பது பேர் நிற்கிறார்கள்! அந்த ஆளுக்குத் தப்புகூடச் சரியாக வந்தது.

பிறகு அந்த டிசம்பர் வந்தது. சாயாக்கடை ஆயிஷாத்தாதான் எங்கள் சந்தின் அரசாங்கம். கண்ணாடி டம்ளரை என் முன்னால் வைத்துவிட்டு, “இந்த வருஷம் ஸ்டார் அம்புச் சேட்டன் செய்யட்டும், கேட்டோ. உன் ஸ்டார் பன்னிரண்டு வருஷமா ஒரே மாதிரி முழிக்குது” என்றார். சாயா எனக்குக் கசந்தது.

இன்னும் கேளுங்கள். சேட்டனுக்கு ஏணியில் இரண்டாம் படிக்கு மேல் ஏறினால் கால் நடுங்கும். ஆகவே அவருடைய நட்சத்திரத்தை ஏறிக் கட்ட வேண்டியவன் நான்! கை எடுக்காமல் ஐந்து கோட்டில் நட்சத்திரம் வரைவோமே, அதே மாதிரி மூங்கில் சட்டத்தில் ஐந்து ரிப்பன். ஒன்றின் முடிவிலிருந்து அடுத்ததன் தொடக்கத்துக்கு மூன்று ஒயர், ஸ்க்ரூ வைத்த கனெக்டர். நான் மேலே. அவர் கீழே கழுத்தை நிமிர்த்தி, “அம்பு பாருங்க அண்ணா, அம்பு!” என்று கத்திக்கொண்டே இருந்தார். ஒரு கோட்டுக்குப் பத்துத் தடவை.

மூன்றாவது கோட்டைக் கையில் எடுத்தபோது கீழே பார்த்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்த என் மகள் அவர் பக்கத்தில் நின்று, அவளும் சேர்ந்து, “அம்பு பாருங்கப்பா!” என்று கத்தினாள்.

குழந்தைகளே, நான் அம்பைப் பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். பார்த்துவிட்டு ரிப்பனைத் தலைகீழாகத் திருப்பிக் கட்டினேன். சிவப்போடு சிவப்பு, கறுப்போடு கறுப்பு, பச்சையோடு பச்சை எல்லாம் ஒழுங்காக முடுக்கினேன். அம்பு மட்டும் வந்த வழியைப் பார்த்துத் திரும்பி நின்றது.

சாயங்காலம் ஆறரைக்குச் சந்து முழுக்கக் கூட்டம். சேட்டன் ஸ்விட்ச் போட்டார். முதல் கோடு நீலமாக ஓடியது. இரண்டாவது ஆரஞ்சாக ஓடியது. அதற்குமேல் இருட்டு.

“இதென்ன சேட்டா, ஸ்டாரா, ஒடிஞ்சுபோன குடைக்கம்பியா?” என்றார் ஆயிஷாத்தா. கூட்டம் சிரித்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை. இதற்காகத்தானே செய்தேன், சிரிப்பு ஏன் வரவில்லை என்று எனக்கே தெரியவில்லை.

சேட்டன் போனை எடுத்து, மேலே இருந்த மூன்றாவது கோட்டைப் படம் பிடித்தார். விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

“தப்பு என்னோடதுதான்” என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். “நான் கொடுத்த கனெக்டர்ல ஒரு ஸ்க்ரூ லூஸ். மூணாவது கோடு. அண்ணா, ஒரு தடவை ஏறி முடுக்கித் தர்றீங்களா? உங்களைவிட்டா இங்க யாருக்குத் தெரியும்?”

ஏறினேன். ரிப்பனை அவிழ்த்து நேராகத் திருப்பிக் கட்டினேன். கடைசி ஸ்க்ரூவை முடுக்கியதும் என் கைக்குள்ளிருந்தே வெளிச்சம் புறப்பட்டு மூன்று, நான்கு, ஐந்து என்று ஓடி நட்சத்திரம் முழுதாயிற்று.

“அடிபொளி!” என்று சந்து கத்தியது. “சீரியல் அண்ணன் கை வைக்காம ஸ்டார் எரியுமா?” என்று ஆயிஷாத்தாவே எனக்குக் கை தட்டினார். என் மகள் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். வாழ்க்கையில் இவ்வளவு கைதட்டல் வாங்கியதில்லை. இவ்வளவு வெட்கப்பட்டதும் இல்லை.

“சேட்டா, அது நான்தான்...” என்று ஆரம்பித்தேன்.

“ஸ்க்ரூதான் அண்ணா” என்றார். “சாயா ஆறுது, குடிங்க.”

இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன். என் மகளும் இந்தப் பக்கத்தைப் படிப்பாள். படிக்கட்டும்.

சேட்டன் இப்போது பள்ளுருத்திக்குக் கடையை மாற்றிவிட்டார். டிசம்பரில் மட்டும் ரிப்பன் மூட்டையோடு பஸ் ஏறி வருவார். நான் மேலே, அவர் கீழே. இன்றைக்கும் அவரை விட நான் நன்றாகக் கட்டுகிறேன் என்றுதான் நினைக்கிறேன்; இன்றைக்கும் அவரைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள். மூன்றாவது கோட்டை எடுத்ததும் முதலில் அம்பைப் பார்த்துவிடுவேன். ஆனால் பார்த்துவிட்டேன் என்று குரல் கொடுப்பதில்லை. கீழே அவர், “அம்பு பாருங்க அண்ணா, அம்பு!” என்று இன்னும் ஒரு தடவை கத்தட்டும் என்று காத்திருப்பேன்.