கடற்கன்னிக்கு இது எட்டாம் மாதம்

மதிப்பிற்குரிய அத்தானுக்கு,

மைத்துனன் எழுதுவது. நான் நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். நீங்களாவது நலமாக இருக்க வேண்டும். உங்கள் மகள் நன்றாகச் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், எட்டாம் மாதம் முடியப்போகிறது. அடுத்த வாரம் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தீர்கள். தயவுசெய்து வர வேண்டாம். ஏன் என்று போனில் சொன்னால் பாதியிலேயே கத்துவீர்கள், அதனால்தான் கடிதம்.

மீன்காட்சிச் சாலையில் டிக்கெட் கொடுக்கும் இடத்தில் அவளுக்கு உட்கார்ந்த வேலை என்று போன வருடம் சொன்னேன் அல்லவா, அதில் உட்கார்ந்த வேலை என்பது மட்டும்தான் உண்மை. மேலே திறந்த பெரிய கண்ணாடித் தொட்டிக்குள், நான் மைக் பிடிக்கும் மேடையை ஒட்டி, தண்ணீருக்கு மேல் தலை நீட்டிய ஒரு பாறை இருக்கிறது, ரப்பர் வாலை மாட்டிக்கொண்டு அதன் மேல் உட்கார்ந்து கை காட்டுவாள், அவ்வப்போது தண்ணீரில் குதித்து நீந்துவாள், அதாவது உங்கள் மகள் அங்கே கடற்கன்னி. சேர்த்துவிட்டது நான்தான். ரிட்டையர் ஆன விலங்கியல் வாத்தியார் வீட்டில் சும்மா கிடக்காமல், அங்கே மைக் பிடித்துப் பிள்ளைகளின் கேள்விக்குப் பதில் சொல்லப் போனேனே, என் புத்தியைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் சின்ன வயதில் அவளை வாலு வாலு என்று திட்டியது நீங்கள்தான், எல்லாப் பழியையும் என் தலையில் கட்டாதீர்கள்.

ஐந்தாம் மாதம் வாலின் ஜிப் ஏறவில்லை. தையல்காரர் பக்கத்துக்கு ஒரு பட்டை வைத்துக் கொடுத்தார். ஏழாம் மாதம் இன்னொரு பட்டை. அப்புறம் ஒரு நாள் முன்வரிசையிலிருந்து ஒரு வாண்டு, "ஐ, கடற்கன்னி வயித்துல பாப்பா!" என்று கத்த, கூடம் முழுக்க ஒரே கேள்வி: எப்படிப் பிறக்கும்? மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "சார், எப்படிப் பொறக்கும்னு புள்ளைங்க நம்பற மாதிரி சொல்லிடுங்க. சொல்லிட்டா அவங்க பாறையில உக்காந்து கை மட்டும் காட்டட்டும், லீவு முடிஞ்சதும் திரும்ப எடுத்துக்கறேன். இல்லேன்னா நான் வேற ஆளைத்தான் பாக்கணும்" என்றார். அவளிடம் சொன்னால், "அம்மா போனதுக்கப்புறம் எனக்கு மூச்சு விடற இடம் இந்தத் தொட்டிதான் மாமா, எப்படியாவது சொல்லிடுங்க" என்கிறாள். தண்ணீருக்கடியில் போய் மூச்சு விடுகிறாளாம்! என் அக்கா மகள் கேட்டு நான் மாட்டேன் என்பேனா?

முதல் நாள், பாதி மீன் என்பதால் முட்டை என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். வாத்தியார் வாய் நிற்குமா? லட்சம் முட்டை இட்டால் இரண்டு தேறும், மிச்சத்தை மற்ற மீன்கள் தின்றுவிடும் என்று விளக்கினேன். இரண்டு குழந்தைகளை அழ அழத் தூக்கிக்கொண்டு போனார்கள். மறுநாள் கடல்குதிரையைப் பிடித்தேன், அதில் அப்பாதான் வயிற்றுப் பையில் சுமக்கும் என்றேன். அங்கிருந்த பிள்ளைகள் எல்லாம் தங்கள் அப்பாக்களின் தொப்பையைக் குத்திக் குத்திப் பார்க்க, ஒருவர் புகார்ப் புத்தகத்தில் அரைப் பக்கம் எழுதிவிட்டுப் போனார்.

சரி, அறிவியல் வேண்டாம், கதையில் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று நூலகத்தில் போய் உட்கார்ந்தேன். தண்ணீரில் மூழ்கிய பெண்கள்தான் கடற்கன்னி ஆகிறார்கள், பிரசவமே கிடையாது என்கிறது ஒரு கதை. பக்கத்திலேயே நீச்சல் வகுப்பு நடக்கிறது, அதைச் சொல்லவே கூடாது என்றுவிட்டார் மேனேஜர். கடற்கன்னி கடலுக்குத் திரும்பத் தேவையான மந்திரத் தொப்பியை ஒளித்துவைத்து அவளைக் கட்டிக்கொண்ட மீனவனுக்கு, விரலிடுக்கில் சவ்வு வைத்த பிள்ளைகள் பிறந்தன என்கிறது இன்னொன்று. அன்று முழுக்கப் பிள்ளைகளும் நானும் விரல்களைத்தான் விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். "அப்ப இந்தக் கடற்கன்னிக்கு வீட்டுக்காரர் எங்க?" என்று ஒரு சிறுமி கேட்க, பாறையிலிருந்து உங்கள் மகள், "கப்பல்ல" என்றாள். மாப்பிள்ளை கப்பலில் இருப்பது உண்மைதானே? மாலுமியை மயக்கிவிட்டாள் என்று பின்வரிசை அம்மாக்கள் குசுகுசுத்தார்கள். கடைசியாக, படம் போட்டுப் பாகம் குறித்தால்தான் விளங்கும் என்று கரும்பலகையில் கடற்கன்னியின் நீள்வெட்டுத் தோற்றத்தை வரைந்தேன். மேனேஜர் ஓடி வந்து துணியால் மூடினார். "சார், குடும்பத்தோட வர்ற இடம் சார்!"

எனக்கு அலுத்துவிட்டது அத்தான். நேற்று ஒரு பொடிசு அதே கேள்வியைக் கேட்டபோது மைக்கைக் கீழே வைத்துவிட்டேன். உங்கள் மகள் பாறையிலிருந்து எட்டி அதை எடுத்தாள். "எப்படிப் பொறக்கும்னு எனக்கும் தெரியல கண்ணு. எனக்கு இதான் மொத தடவை. கேட்டுக்க அம்மாவும் இல்ல. பயமாத்தான் இருக்கு" என்றாள். இத்தனை நாள் எப்படி, எப்படி என்று மண்டையை உடைத்துக்கொண்ட நான், பயமா இருக்கா என்று அவளிடம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது. அப்புறம் பார்த்தால் அம்மாக்கள் ஒவ்வொருவராகக் கண்ணாடிப் பக்கம் வருகிறார்கள். இடது பக்கமா ஒருக்களிச்சுப் படும்மா என்கிறார் ஒருவர், எனக்கு ரெண்டு நாள் வலி, அப்புறம் மறந்தே போச்சு என்கிறார் இன்னொருவர். பூட்டும் நேரம் வரை ஒருவரும் நகரவில்லை. மேனேஜர் லீவுக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

வேலை தப்பித்தது. ஆனால் நீங்கள் வந்து வாலைப் பார்த்தால் சத்தம் போடுவீர்கள், அவள் அழுவாள், இரண்டையும் தாங்க என்னிடம் தெம்பில்லை. பிள்ளை பிறந்து, அவளே வாய் திறந்து சொல்லும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், கோபத்தையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாரும் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
மிகவும் களைத்துப்போன மைத்துனன்

பி.கு.: மேலே எழுதிய எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். உடனே புறப்பட்டு வாருங்கள். போன் பத்து தடவை அடித்தேன், வழக்கம்போல் எடுக்கவில்லை. அதனால் உங்கள் பக்கம் வரும் பஸ் டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். இன்று மதியம் பாறையிலிருந்து இறங்கும்போதே அவளுக்கு வலி கண்டுவிட்டது. ஜிப் சிக்கிக்கொண்டது, வாலோடுதான் ஆம்புலன்ஸில் ஏற்றினோம். ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி, "இவங்க எந்த வார்டு சார்?" என்று கேட்டார். வழியெல்லாம் அவள் என் கையை விடாமல், "அப்பாவை வரச் சொல்லுங்க மாமா, திட்டினாலும் பரவால்ல" என்று கத்திக்கொண்டே வந்தாள். பெண் குழந்தை. கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டாலும் தாயும் சேயும் சுகம். முப்பத்திரண்டு வருடம் விலங்கியல் நடத்தியவன், நர்ஸ் கதவைத் திறந்ததும் முதலில் கேட்டது, "காலு ரெண்டும் இருக்கா?" என்றுதான். இருக்கிறது அத்தான். பேத்திக்கு என் அக்காவின் பாதம்.