மாமனார் காரின் சொத்தை

போர்டிகோவின் வெள்ளைத் தரையில் ஒரு சொட்டு எண்ணெய் கிடந்தது. பல் டாக்டர் அதைக் குனிந்து பார்த்தார், தொட்டுப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். நக்கிப் பார்க்காததுதான் பாக்கி. பிறகு அதற்கு மேலே நின்ற காரைப் பார்த்தார்.

கார் அவருடையதல்ல, மாமனாருடையது. மாமனாருக்கு அதை அவருடைய மாமனார் கொடுத்தாராம்.

"ஒரு மாசம் ஓட்டுங்க மாப்ளே. குடுத்தபடியே இருந்தா அப்புறம் அது உங்க கார். என் மாமனாரும் எனக்கு இப்படித்தான் குடுத்தாரு. அன்னைக்கு எப்படி இருந்துச்சோ, இன்னைக்கும் அப்படியே இருக்கு" என்று சொல்லித்தான் சாவியை நீட்டினார். கூடவே ஒரு நிபந்தனை. எந்த மெக்கானிக்கும் காருக்கு அடியில் கை வைக்கக் கூடாது. எண்ணெய் மாற்றுவதென்றாலும் மாமனாரே வந்து மாற்றுவார். பெற்ற பெண்ணைக் கட்டிக் கொடுத்தபோதுகூட அந்த மனிதர் நிபந்தனை எதுவும் போடவில்லை.

அந்த ஒரு மாதம் இன்றோடு முடிகிறது. சாயங்காலம் மாமனாரும் மாமியாரும் வருகிறார்கள்.

"ஒரு சொட்டுதானேங்க. தொடச்சிட்டு வந்து சாப்பிடுங்க" என்றாள் மனைவி.

"உங்கப்பா வந்து நிக்கும்போது இன்னொரு சொட்டு விழுந்தா?"

"விழுந்தா விழட்டும். கார்னா எண்ணெய் சிந்தாதா?"

"உங்கப்பா கார் சிந்தாது."

அவளுக்கும் கார் வேண்டியிருந்தது. இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போனவள், இந்த ஒரு மாதமாகத்தான் கசங்காமல் வீடு திரும்புகிறாள். கார் போனால் பழையபடி பஸ்தான். டாக்டருக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. "பல்லைப் பிடுங்குறவர் கையில பொண்ணைக் குடுக்கறோம்" என்று கல்யாணத்துக்கு முன்பு மாமனார் சொன்னது இன்னும் அவர் காதைவிட்டுப் போகவில்லை.

கடைத்தெருவுக்கு ஓடினார். ஹார்டுவேர் கடைக்காரர் இரண்டு எபாக்சி பசை ட்யூப்களை எடுத்து வைத்தார்.

"ரெண்டையும் சரிசமமா கலந்து பூசுங்க சார். கல்லாட்டம் பிடிச்சுக்கும்."

"ஓட்டையை அடைக்கிறதுதான் சார் என் தொழிலே" என்றார் டாக்டர். சொன்னபோது கொஞ்சம் தைரியமாகக்கூட இருந்தது.

முன் சக்கரங்களைத் தடித்த பலகைகளின் மேல் ஏற்றி, பின் சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, கையுறையும் நெற்றி விளக்குமாக உள்ளே புகுந்தார். வாய்க்குள் விட்டுப் பார்க்கும் சின்னக் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிக் காட்டியதில் இடம் தெரிந்துவிட்டது. என்ஜின் எண்ணெய்த் தொட்டியின் அடியில், பல்லில் காறை படிந்த மாதிரி ஒரு கட்டி. அதன் ஓரத்தில் லேசாக எண்ணெய் கசிந்திருந்தது.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் கட்டியின் மேலேயே பசையைப் பூசிவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார்கள். இவர் பல் டாக்டராயிற்றே. சுரண்டாமல் அடைக்கக் கூடாது, சொத்தையின் மேல் சிமெண்ட் பூசுகிறவன் டாக்டரே இல்லை என்பது அவர் கட்சி. சுரண்டியை எடுத்தார். மேலே சாம்பல் நிறம், உள்ளே கறுப்பு. எத்தனை வருஷத்து அழுக்கோ என்று நினைத்தபடி நெம்பினார். கட்டி முழுசாகப் பெயர்ந்து தரையில் உருண்டது.

அது இருந்த இடத்திலிருந்து எண்ணெய் கம்பியாக அவர் மோவாயில் இறங்கியது.

"பேசின் கொண்டா."

"எந்தப் பேசின்?"

"இருக்கறதுலயே பெருசு. சீக்கிரம்."

பேசின் வந்தது. நிரம்பியது. வழியப் போகிறதே என்று டாக்டர் பதறிப்போய் வெளியே நகர்ந்தார். முழங்கால் பட்டுப் பேசின் கவிழ்ந்தது. காலையில் ஒரு சொட்டுக்காகக் கலங்கினாரே, இப்போது வெள்ளைத் தரை எங்கே என்று தேட வேண்டியிருந்தது. மனைவி உள்ளே ஓடி ஒரு பழைய போர்வையைக் கொண்டுவந்து விரித்தாள்.

"இது உங்கப்பா வாங்கித் தந்ததாச்சே" என்றார் டாக்டர், பாதி போர்வை கறுத்த பிறகு.

"இப்ப சொல்லுங்க."

எண்ணெய் வடிந்து நின்றதும் டாக்டர் திரும்ப உள்ளே புகுந்து, ட்யூப்களைக் கலந்து ஓட்டையில் அப்பினார். எண்ணெய்ப் பிசுக்கில் பசை நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டு வந்து அவர் காலரில் உட்கார்ந்தது. க்ளினிக்கிலிருந்து ஸ்பிரிட்டும் பஞ்சும் வரவழைத்து அந்த இடத்தைத் துடைத்து, மறுபடி அப்பி, இந்தத் தடவை விழவே கூடாதென்று உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். இறுகட்டும் என்று காத்திருந்தார்.

இறுகியது.

கையை எடுத்துப் பார்த்தார். வரவில்லை. கையுறை என்ஜினோடு ஒட்டியிருந்தது. அதன் கிழிசல் வழியாக உள்ளே போன பசையில் கை கையுறையோடு ஒட்டியிருந்தது.

அந்த நேரம் பார்த்து வாசலில் டாக்ஸி வந்து நின்றது.

"அப்பா அம்மா வந்துட்டாங்க. எந்திரிச்சு வாங்க" என்று மனைவி கிசுகிசுத்தாள்.

"வர முடிஞ்சா வரமாட்டேனா?"

மாமனார் தரையைப் பார்த்தார். போர்வையைப் பார்த்தார். காருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்களைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"மெக்கானிக்கையா கூப்பிட்டீங்க?"

"இல்லப்பா. அது அவருதான்."

"மாப்ளே, அங்க என்ன பண்றீங்க?"

"சும்மா பாத்துக்கிட்டிருக்கேன் மாமா."

"வெளிய வாங்க."

"கை வரமாட்டேங்குது மாமா."

மாமனார் யோசிக்கவேயில்லை. கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைச் சட்டையோடு எண்ணெயில் படுத்து, காருக்கு அடியில் ஊர்ந்து வந்தார். டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். கார் போனது, மானமும் போனது. இனி வாழ்நாள் முழுக்கப் பல்லைப் பிடுங்குகிறவன்தான். காதோரம் மாமனாரின் குரல் கேட்டது.

"இங்க ஒரு கட்டி இருந்துச்சே மாப்ளே, எங்க அது?"

"அழுக்குன்னு சுரண்டிட்டேன் மாமா."

"அழுக்கில்ல மாப்ளே. அது நான் வச்ச பசை."

டாக்டர் கண்ணைத் திறந்தார்.

"மெல்லப் பேசுங்க. காரு கைக்கு வந்த மறு மாசமே ஒழுக ஆரம்பிச்சிருச்சு. எந்தக் கல்லுல இடிச்சேனோ தெரியல. மாமனார் மூஞ்சியில எப்படி முழிப்பேன்? யாருக்கும் தெரியாம அடைச்சிட்டேன். மெக்கானிக் பாத்தா வெளிய சொல்லிருவான்னு அன்னையிலேருந்து ஒருத்தனையும் கிட்ட விடல. அந்த மனுஷன் கண்ணை மூடற வரைக்கும் அவர் வீட்டு வாசல்ல காரை நிறுத்த மாட்டேன், தெருமுனையிலேயே விட்டுட்டு நடந்து போவேன். உங்க அத்தைக்கு மட்டும் தெரியவே கூடாது. எங்கப்பா பூ மாதிரி வச்சுக் குடுத்த காருன்னு ஆரம்பிச்சிருவா."

வெளியே மாமியாரின் செருப்புச் சத்தம் வந்து நின்றது. உருண்டு கிடந்த கட்டியைப் பொறுக்கி, காகிதத்தில் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு குனிந்து அதைக் காருக்கு அடியில் நீட்டினார்.

"மேல சாம்பலா இருக்கறது உங்களோடது. உள்ள கறுப்பா இருக்கே, அது இந்தக் காரை உங்க தலையில கட்டறதுக்கு முந்தின நாள் எங்கப்பா வச்சது. நான்தான் டார்ச் பிடிச்சேன்."