ஹில்டா வீட்டு எலிவேஷனில் எட்டிப்பார்த்த பேய்

ராயபுரத்தில் கடலைப் பார்த்த ஒரு தெருவில் போன வாரம் திருவிழாக் கூட்டம். கொடியேற்றம் இல்லை, தேர் இல்லை. ஹில்டா வீட்டு முகப்பில் பேய் வந்திருந்தது. பேய்க்கு இப்போதெல்லாம் புளியமரம் கட்டுப்படியாகவில்லை போலும். அலுமினியத் தகடு ஒட்டிய எலிவேஷனுக்குக் குடிவந்துவிட்டது.

ஒட்டிய நாள் முதல் அந்தத் தகட்டின்மேல் ஒரு சொம்புத் தண்ணீர் பட்டதில்லை. கடற்காற்று சும்மா இருக்குமா? வெள்ளை வெள்ளையாகத் திட்டுப் பூத்தது. எதிர்வீட்டு அங்கம்மா அதில் கண்ணைப் பார்த்தாள். மீன் வாங்க வந்தவள் மூக்கைப் பார்த்தாள். சாயந்தரத்துக்குள் பேய்க்கு மீசையே முளைத்துவிட்டது.

உடனே வந்து சேர்ந்தார் உப்புச் சித்தர். கழுத்தில் சிலுவை, நெற்றியில் குங்குமம், தோளில் பச்சைத் துண்டு. எந்த வாடிக்கையாளரையும் கைவிடாத வியாபாரி! கையில் மட்டும் முழங்கை வரை ரப்பர் உறை. பேயோட்ட அது எதற்கு என்று கூட்டத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கொண்டுவந்த ஏணியில் ஏறி, பாட்டிலிலிருந்து தீர்த்தத்தை ஒரு தகட்டில் தெளித்தார். தகடு புஸ்ஸென்று நுரைத்தது.

“பாத்துக்கினீங்களா, இன்னா கொதி கொதிக்குது! இது கல்யாணத்தைத் துன்ற பேய்மா. வூட்ல பொண்ணு கீதா?”

வாசலில் சீர்க் கட்டில் இறங்கிக்கொண்டிருந்தது. இருந்தாலும் ஞானதிருஷ்டி ஞானதிருஷ்டிதான்.

“கீது சாமி,” என்றாள் ஹில்டா. “வர்ற ஞாயித்துக்கெயம பொண்ணு மாப்ள பேரச் சொல்லி கோயில்ல மொத கல்யாண ஓலை வாசிக்கறாங்க.”

“நிறுத்து! பேய் போறதுக்குள்ள ஓலை வாசிச்சா மாப்ள கடலோட போய்டுவான். அது போவணும்னா உன் கழுத்துச் செயின் காணிக்கை.”

ஹில்டாவின் கை கழுத்துக்குப் போனது. “மாதாவே! இப்பவே ஃபாதராண்ட போய் ஓலைய நிறுத்திட்டு வரேன்.”

கல்யாணப்பெண் ஜூடி வெளியே வந்தாள். எண்ணூர் பென்னியைத்தான் கட்டுவேன் என்று அம்மாவோடு மல்லுக்கட்டிச் சம்மதம் வாங்கியவள். ஒரு வெள்ளைத் திட்டுக்கு விட்டுக்கொடுப்பாளா? கையில் சீருக்கு வாங்கிய புது அலுமினியக் குண்டான். கடை ஸ்டிக்கர்கூடக் கிழிக்கவில்லை.

“சாமி, இதுல கொஞ்சம் தெளி.”

“அதுல இன்னாத்துக்கும்மா? அதுல பேய் இல்லியே.”

“இல்லன்னா பொங்காது இல்ல? தெளி நைனா.”

“தெளி, தெளி!” என்றது கூட்டம். வேடிக்கை என்றால் நம் ஜனங்களுக்கு எந்தக் கட்சியும் சம்மதம். சித்தர் தெளித்தார். குண்டான் சற்று யோசித்தது. பிறகு புஸ்ஸென்று பொங்கியது.

“கடையிலேர்ந்தே ஒட்டிக்கினு வந்துகீது!” என்று சமாளித்தார் சித்தர்.

ஜூடி கையில் துணியைச் சுற்றிப் பாட்டிலைப் பிடுங்கி, அவர் நின்றிருந்த ஏணியின் கீழ்ப்படியில் ஊற்றினாள். ஏணியும் அலுமினியம். ஏணியும் பொங்கியது.

“யோவ், நீயே பேய் மேலதான் நின்னுகினு கீறியா!” என்றாள் அங்கம்மா. தெருவே சிரித்தது.

“பேயும் இல்ல, பிசாசும் இல்ல,” என்றாள் ஜூடி. “சாக்கடை அடைப்பெடுக்கிற காஸ்டிக் சோடா. அலுமினியத்துல பட்டா பொங்கும், கைல பட்டா வெந்துடும். அதான் சாமிக்கு ரப்பர் கை.”

“வள்ளூர்ல ஒரு அவசரப் பேய் கீது,” என்று முணுமுணுத்தபடி சித்தர் ஏணியை விட்டுவிட்டே ஓடினார்.

ஜூடி சோப்புத் தண்ணீரில் மெத்தென்ற துணியை நனைத்து அடுத்த தகட்டைத் துடைத்தாள். நல்ல தண்ணீர் ஊற்றினாள். பேயின் கண், மூக்கு, மீசை எல்லாம் வடிந்து சாக்கடைக்குப் போயின. தீர்த்தம் பட்ட தகடு மட்டும் கறுத்துச் சொரசொரத்து நின்றது. அதற்குப் பரிகாரமே கிடையாது, கழற்றி மாற்றத்தான் வேண்டும்.

ஹில்டா செயினை ஜாக்கெட்டுக்குள் தள்ளிக்கொண்டு அறிவித்தாள்: “ஞாயித்துக்கெயம எல்லாரும் கோயிலுக்கு வந்துடுங்க. ஓலை வாசிக்கறாங்க!”

கூட்டம் கலையவில்லை. அங்கம்மா பயபக்தியோடு ஜூடியை நெருங்கினாள்.

“ஏம்மா, அந்த சோப்பு எந்தக் கோயில்ல மந்திரிச்சது?”

வீட்டு முகப்பில் படிந்த உப்பை ஒரு வாளித் தண்ணீர் கொண்டுபோய்விடும், மக்களே. மண்டைக்குள் படிந்ததை எவனும் வந்து கழுவித்தர மாட்டான். கழுவுகிறேன் என்று வருகிறவன் கழுத்தைத்தான் பார்ப்பான். நீங்களேதான் கொஞ்சம் யோசித்துத் தேய்க்க வேண்டும்.