சூளைக் கதவும் என் இடது காலும்

எனக்குப் பொறுமை குறைவு என்று நானே ஒப்புக்கொண்டாலும் என் மனைவி வசந்தா விட மாட்டாள். "இருந்தாத்தானே கொறையறதுக்கு?" என்பாள்.

விருத்தாசலத்தில் நானும் அவள் தம்பி செல்வமும் பீங்கான் பொம்மை செய்கிற சின்ன யூனிட் நடத்திவந்தோம். இரண்டாயிரங்களின் நடுவில் ஒரு கொலு சீசன். நன்றாக ஆறுவதற்குள் யாரோ சூளையைத் திறந்துவிட, உள்ளே இருந்த அத்தனை பிள்ளையாரும் விரிசல் விட்டுவிட்டார்கள். செல்வம்தான் திறந்தான் என்று நான் குதித்தேன். அத்தோடு விட்டேனா? எங்கள் பக்கத்து வழக்கப்படி கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய், பேர், ஊர், குற்றம் எல்லாம் தாளில் எழுதி, சாமியே விசாரித்துத் தண்டிக்கட்டும் என்று அவன்மேல் பிராது கட்டிவிட்டு வந்தேன். (திறந்தது நான்தான். சாமிக்கு அது தெரியாது என்று எந்தத் தைரியத்தில் நினைத்தேனோ!)

மூன்றாம் வாரம் என் இடது கால் தொடைவரை வீங்கியது. சுளுக்கு என்று நினைத்தேன். ஸ்கேன் பார்த்த டாக்டர், காலின் பெரிய ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைத்திருக்கிறது, அது நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து என்றார். உடனே கார் பிடித்து, வேப்பூர் வழியாகச் சென்னை. பின்னால் என் பக்கத்தில் வசந்தா, முன் சீட்டில் செல்வம். அவன் திரும்பித் திரும்பி என்னைப் பார்க்க, நான் கண்ணை மூடிக்கொண்டேன். வலி என்று நினைத்திருப்பார்கள். வலியும் இருந்தது.

சென்னை ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குப் பின்னால் மெல்லிய குழாய் ஒன்றை நுழைத்து, அடைப்பு இருக்கிற இடத்துக்கே கொண்டுபோய் வைத்தார்கள். அதைக் கரைக்கிற மருந்து குழாய் வழியே கொஞ்சம் கொஞ்சமாக இறங்க வேண்டும்.

"இருபத்து நாலு மணி நேரம் காலை மடக்கவே கூடாது. இந்த மருந்து ஓடும்போது ரத்தம் கசிஞ்சா லேசுல நிக்காது" என்றார் டாக்டர்.

"நம்ம சூள மாரிதான் மாமா. ஆறுற வரைக்கும் சும்மா கெடக்கணும்" என்றான் செல்வம். அவன் முகத்தில் கேலி இல்லை. எனக்குத்தான் வியர்த்தது.

மறுநாள் காலை பத்து மணிவரை தாக்குப்பிடித்தேன். வசந்தா காபி வாங்கப் போனாள். செல்வம் கால்மாட்டில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். நர்ஸம்மா அடுத்த கட்டிலைக் கவனித்துக்கொண்டிருந்தார். வீக்கம் எவ்வளவு வடிந்திருக்கிறது என்று ஒரு பார்வை, ஒரே ஒரு பார்வை. போர்வையை விலக்கி, முழங்காலை மடக்கித் தூக்கினேன்.

தொடைக்கு அடியில் சூடாக ஏதோ பரவியது. விரிப்பு சிவந்துகொண்டே போனது.

"மாமா!" என்று செல்வம் போட்ட சத்தத்தில் நர்ஸம்மா ஓடிவந்து, குழாய் நுழைந்த இடத்தை அழுத்திப் பிடித்தார். "மருந்தை நிறுத்துங்க!" என்று யாரோ கத்தினார்கள். செல்வம் என் பாதத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். ரத்தம் நிற்கவில்லை. அவ்வளவுதான், தீர்ப்பு வந்துவிட்டது என்று முடிவுகட்டினேன்.

"செல்வம், அந்தச் சூளய... நான்தான்டா தொறந்தேன். ஒம்மேல பிராதுகூட கட்டிட்டேன்."

"பேசாதீங்க சார்!" என்றார் நர்ஸம்மா.

"தெரியும் மாமா" என்றான் அவன். "ஒங்க துண்டு கருகிப்போயி சூளக் கதவுலயே கெடந்துது. அன்னிக்கே எடுத்து ஒளிச்சி வச்சிட்டேன்."

"அப்பறம் ஏன்டா சொல்லல?"

"அக்கா வூட்டுக்காரரு. நாலு பேரு எதிர்ல எப்பிடிச் சொல்றது?"

அழுதுவிட்டேன். காலுக்காக இல்லை.

அரை மணி நேரம் கழித்து ரத்தம் நின்றது. திரும்ப எடுத்த ஸ்கேனில் அடைப்பு பெரும்பாலும் கரைந்திருந்தது. "உங்க அதிர்ஷ்டம், சாமர்த்தியம் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார் டாக்டர். நடக்க முடிந்ததும், செல்வத்தைக் கூட்டிக்கொண்டு போய்ப் பிராதை வாபஸ் வாங்கினேன். சாமி முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

இடது காலுக்கு இன்றும் இறுக்கமான நீளக் காலுறை மாட்டிக்கொண்டுதான் நடக்கிறேன். இட்லிப் பானை மூடியில் நான் கை வைத்தால் போதும், வசந்தா திரும்பிக்கூடப் பார்க்காமல் குரல் கொடுப்பாள்: "செல்வம், மாமாவுக்கு அந்தத் துண்டு வேணுமாம், எடுத்துக்கினு வா!"