எதிரே வந்த அத்தை

காஜா பெராங், மலாக்கா
19 நவம்பர் 1958

சிங்கப்பூரில் பௌதிகம் படிக்கும் தம்பி மகன் தியாகுவுக்கு அத்தை எழுதுவது. இங்கு அனைவரும் நலம். உன் கடிதத்திலிருந்த எழுத்துப் பிழைகளும் நலமாக வந்து சேர்ந்தன.

ரேடியம் அணு ஒன்று இன்று உடைவதற்கும், அதன் பக்கத்து அணு நூறு வருஷம் உடையாமலிருப்பதற்கும் காரணமே கிடையாது என்று எழுதியிருந்தாய். உன் அம்மா சாரதாம்பாளுக்கு வாசித்துக் காட்டினேன். "அவன் அங்க ஒழுங்கா சாப்பிடறது இல்ல போல," என்றாள்.

உன் அக்கா விஜயாவுக்கு வந்த முதல் வரன் தட்டிப்போனது, உன் அப்பா புறப்படும்போது விதவையான நான் எதிரே வந்ததால் என்றார்கள். இரண்டாவது வரனுக்கு என்னை அடுப்பங்கரையில் வைத்துக் கதவைச் சாத்தினார்கள்; அதுவும் தட்டிப்போயிற்று. அதற்கு நான் உள்ளேயிருந்து இருமியது காரணமாம். நான் படித்த கான்வெண்ட்டில் இப்படிப் பதில் எழுதியிருந்தால் சிஸ்டர் முழங்காலில் நிறுத்தியிருப்பார். நாடு சுதந்திரம் வாங்கி ஒரு வருஷம் ஆகியும் எனக்கு அடுப்பங்கரைதானா? ஆகவே போன ஞாயிறு, மூன்றாவது வரன் பேச கிளேபாங்குக்குத் தாம்பூலத் தட்டோடு அவர்கள் புறப்பட்டபோது, உன் அணுவை நம்பி, வெள்ளைச் சேலையை இஸ்திரி போட்டுக் கட்டிக்கொண்டு நேர் எதிரே போய் நின்றேன். உன் அப்பா திரும்பிப்போய் உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி புறப்பட்டான். நான் கொல்லைப்பக்கமாகச் சுற்றி மறுபடி எதிரே வந்தேன். மறுபடியும் தண்ணீர், மறுபடியும் நான். சன்னலில் விஜயா முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவளுக்கு இந்தப் பையனைப் பிடித்திருந்தது எனக்குத் தெரியும். எனக்கும் உள்ளூரக் கலக்கம்தான். கடைசியில் கார்க் கதவைத் திறந்து உன் அம்மாதான் வழி கண்டாள்.

"அக்கா, நீங்களும் காடியில ஏறுங்க லா. உள்ள இருக்கறவங்க எப்படி எதிர்ல வருவாங்க?"

கிளேபாங்கில் எங்களை வரவேற்க வாசலில் நின்றது மாப்பிள்ளையின் தாயார், பொட்டில்லாத நெற்றியோடு. யார் யாருக்கு எதிரே வந்தது என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. உன் அப்பா தண்ணீர் கேட்டான். அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களையும் கூட்டிட்டு வந்தாங்களா? அப்ப நல்ல குடும்பந்தான்," என்றார். தட்டு மாறியது. தையில் கல்யாணம்.

சகுனத்தால் எதுவும் ஆவதில்லை என்று இப்போது தெளிவாகிவிட்டது. உன் பேராசிரியருக்கு என் வணக்கம். நேரத்துக்குச் சாப்பிடு, குண்டு குண்டாக எழுது, தெய்வம் உன்னைக் காக்கட்டும்.

அன்புள்ள
அத்தை

பி.கு.: வரன் கூடியது நான் எதிரே வந்த ராசியால்தான் என்று உன் அம்மா ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். நேற்று செங் கிராமத்திலிருந்து பூங்காவனம் என்பவள் வந்து, தன் மகளுக்கு வரன் பேசப் புறப்படும்போது நான் எதிரே வரவேண்டும் என்று கெஞ்சினாள். ராசியெல்லாம் கிடையாது, அணுவைப் பார் என்று விளக்கத்தான் வாயைத் திறந்தேன். ஆனால், எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று கேட்டுவிட்டேன்.